வெள்ளச்சிக்குப் பால்சுறா

அவலூர்பேட்டையில் ஒரு பழைய வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலை. பரணை ஒழித்துக் கொடுத்தால்தான் மேலே கை வைப்பேன் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். பித்தளைத் தவலை, கால் போன முக்காலி, கரையான் அரித்த கல்யாணப் பத்திரிகைக் கட்டு என்று ஒவ்வொன்றாக இறங்கிய பிறகு, மூலையிலிருந்து ஒரு சதுர பிஸ்கட் டின் வந்தது. மளிகைக் கடையில் பிஸ்கட்டை எண்ணிக் கொடுத்த காலத்து டின். நான்கு பக்கமும் ஆணியால் குத்திய துளைகள். மூடி இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த கம்பிவலை. பேரன் அதைப் பழைய இரும்புக் குவியலில் போடப் போனான். வீட்டுக்கார அம்மாள் தடுத்து வாங்கிக்கொண்டார்.

"இதுலதான்டா வெள்ளச்சி பிரசவமானா."

கொத்தனாரும் சித்தாளும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். யார் அந்த வெள்ளச்சி என்று கேட்டதற்கு, எலி என்று பதில் வந்தது.

அந்த அம்மாள் ஊருக்கு டீச்சர். அரசுப் பள்ளியில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவர்; இன்றைக்கும் சந்தையில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெள்ளச்சி வந்தபோது அவர் தாவணி போட்டுக்கொண்டு தினமும் திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த பெண்.

அந்த நாளில் விலங்கியல் என்றால் அறுப்புதான். கரப்பான் பூச்சியில் தொடங்கித் தவளைக்குப் போய், கடைசியில் வெள்ளை எலி. குளோரோஃபார்ம் நெடி, மெழுகு ஊற்றிய தட்டு, நான்கு கால்களிலும் குண்டூசி. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். கடைசிச் செய்முறை வகுப்பன்று ஓர் எலி மிஞ்சிவிட்டது. "லீவுல யாரும்மா இதுக்குத் தீனி போடறது? சாயங்காலம் பஞ்ச வெச்சி முடிச்சிட வேண்டியதுதான்" என்றார் அட்டெண்டர். சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் மஞ்சள் பையைத் திறந்து நீட்டினாள்.

பஸ்ஸில் பைக்குள்ளிருந்து மீசை வெளியே வந்துவிட்டது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். "கோழின்னா லக்கேஜ் போடலாம். எலிக்கு இன்னாத்தப் போடறது?" என்று அலுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

விலங்கியல் படிப்பில் இந்த அறுப்பைப் படிப்படியாகக் கைவிடும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2014-இல் முற்றாக நிறுத்தச் சொல்லிவிட்டது. இன்றைய மாணவர்கள் கணினித் திரையில் எலியின் குடலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். டீச்சருக்கு இதில் மகிழ்ச்சிதான். "ஆனா ஒண்ணு, எங்களுக்கு எலிக்குப் பித்தப்பை கெடையாதுன்னு செத்தாலும் மறக்காது" என்பார்.

வெள்ளச்சி வந்து சேர்ந்த வீடு எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் அன்றைய கூத்து விளங்கும். அது மல்லாட்டை வீடு. நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. கூடத்தில் பாதி உயரத்துக்கு மூட்டைகள் அடுக்கியிருக்கும். அடுத்த விதைப்புக்கான மல்லாட்டையைத் தோலோடு தனியாக வைத்திருப்பார்கள். பின்கட்டில் நெல்லுக்குத் தொம்பை. விதைப்பு நெருங்கினால் தெருப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உடைப்பார்கள். படிக் கணக்கில் கூலி. பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போகும். சாயங்காலம் தொட்டியில் சேரும் தோல் அடுப்புக்குப் போகும்.

அத்தனைக்கும் எதிரி எலி. வாசலில் மரப்பொறி, மூட்டைக்குப் பின்னால் கம்பிக் கூண்டு, கழனியில் மூங்கிலில் செய்த கிட்டி. அப்பாவுக்கு மருந்து வைப்பதில் தனித் திறமை. முதல் இரண்டு நாள் வெறும் பொரியை மட்டும் வைப்பார். எலிகள் பயம் தெளிந்து தின்னத் தொடங்கிய பிறகுதான், 49 பங்கு பொரிக்கு ஒரு பங்கு சிங்க் பாஸ்பைடு கலந்து வைப்பார். வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். ஆகவே புதிதாக எது கிடைத்தாலும் கொஞ்சமாகக் கடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். வயிறு கெட்டால் அதை மறுபடி தொடாது. இந்தச் சந்தேகப் புத்தியை முறியடிக்கத்தான் முதலில் வெறும் பொரி.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒருத்தி மஞ்சள் பையில் எலியோடு நுழைந்தால் என்ன ஆகும்?

"இன்னாடி இது! பொறி வெச்சிப் புடிக்கறது ஒரு பக்கம், பஸ்ஸு ஏத்திக் கொண்டாறது ஒரு பக்கமா?" என்று அம்மா வாசற்படியிலேயே நிறுத்திவிட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைகளை ஒருமுறை பார்த்தார். ஆயாதான் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்லுவாங்க. இதுக்கு நம்ம ஊட்லதான் எடம் கெடச்சிதா?" என்றாள். சொன்ன கையோடு பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். மரப்பெட்டியில் வைத்தால் ராத்திரியே அறுத்துக்கொண்டு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எலியின் முன்பற்கள் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டால்தான் வாய் மூடும். டின்னுக்குள் மல்லாட்டைத் தோலும் புளிய விறகுத் துண்டும் போட்டுவைத்தார்கள்.

இரண்டொரு நாளில் அந்த வீட்டுக்கே ஒரு வேடிக்கை புரிந்தது. எலியைக் கொல்ல என்னென்ன தெரிந்து வைத்திருந்தார்களோ, அவ்வளவும் எலியை வளர்க்கவும் உதவியது. எதைத் தின்னும், எதை அறுக்கும், எதற்குப் பயப்படும், எந்நேரம் விழித்திருக்கும் என்று யாரும் புத்தகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. புதுத் தீனியைக் கண்டு வெள்ளச்சி ஒதுங்கினால், "ரெண்டு நாள் அப்படியே வெச்சிருடி, தானா தின்னும்" என்று அப்பாவே சொன்னார். பொரி வைத்துப் பழக்கிய அனுபவம்.

இத்தனைக்கும் வெள்ளச்சி அந்த ஊர் எலி அல்ல. வரப்பைத் துளைத்து நெற்கதிரை வளைக்குள் இழுத்துச் சேர்த்துவைக்கும் வரப்பெலி வேறு. கொல்லையில் தாவி ஓடும் வெள்ளெலி வேறு. வீட்டுச் சுண்டெலி வேறு. வெள்ளச்சியின் மூதாதையர் கப்பலிலும் சாக்கடையிலும் உலகைச் சுற்றிய பழுப்பெலிகள். அவற்றில் வெளுத்துப் பிறந்தவற்றை மேல்நாட்டில் பிடித்து வளர்த்தார்கள். 1906-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து விஸ்டார் நிறுவனம் ஆய்வுக்கென்றே ஓர் எலி வம்சத்தை உருவாக்கியது. இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் இருக்கும் வெள்ளை எலிகளில் பெரும்பகுதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. மனிதர் கையிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்ததால் கடிக்கும் குணம் குறைந்துபோன சாதி. தோளில் ஏறி உட்கார்ந்தால் காதோரம் மீசை குறுகுறுக்கும்.

வயிறு பெருத்துக்கொண்டு வந்தது. மல்லாட்டை அதிகமாகிவிட்டது என்று நினைத்து அளவைக் குறைத்தார்கள். ஆயா ஒருநாள் டின்னை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். மருத்துவமனைப் பிரசவம் வழக்கத்துக்கு வராத காலத்தில் அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள் அவள். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வவுறு ரெண்டு பக்கமும் பொடச்சிக்கினு கீது. இது தீனி வவுறு இல்லடி. புள்ள வவுறு."

கல்லூரிக் கூண்டில் ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் இருந்தன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எலிக்குச் சினைக்காலம் 21 முதல் 23 நாள். அறுப்புத் தட்டுக்குப் போயிருந்தால் யாருக்கும் தெரியாமலே முடிந்திருக்கும்.

அன்றிரவே வெள்ளச்சிக்கு வேலை வந்துவிட்டது. கிடைத்ததையெல்லாம் கிழித்தாள். ஆயாவின் பழைய நூல்சேலைத் துண்டு போதவில்லை. டின்மேல் வைத்திருந்த விலங்கியல் ரெக்கார்டு நோட்டின் ஓரத்தைத் துளை வழியாக இழுத்து இழுத்து நாராக்கினாள். எலியின் இரைப்பையைப் படமாக வரைந்திருந்த பக்கம் அது. பாகங்களைக் குறித்த அம்புக்குறிகளோடு சேர்ந்து கூடாகிவிட்டது.

விடிந்ததும் டின்னுக்குள்ளிருந்து பறவைக் குஞ்சுபோல ஒரு மெல்லிய சத்தம். வெள்ளச்சி தண்ணீருக்கு எழுந்து போன சமயம் பார்த்து எண்ணினார்கள். ஒன்பது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் கணு அளவு. மயிரில்லை, கண்ணும் காதும் ஒட்டியிருந்தன. தோல் அவ்வளவு மெல்லியது என்பதால் பால் குடித்த குட்டியின் வயிற்றில் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். அதுதான் இரைப்பையில் நிறைந்த பால். எந்தக் குட்டி குடித்தது, எது பட்டினி என்று வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். பட்டை தெரியாத ஒரு பொடியனை ஆயா கவனித்துவிட்டாள். தாய்க்குப் பன்னிரண்டு காம்பு, குட்டி ஒன்பது, இடப் பஞ்சம் இல்லை. ஆனால் முண்டியடித்து முன்னால் போகத் தெம்பு வேண்டுமே. தடித்த குட்டிகளைக் கொஞ்சம் நகர்த்தி அவனுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்கள். மத்தியானம் அவன் வயிற்றிலும் வெள்ளைக் கோடு தெரிந்தது.

அடுத்து நடந்ததைத்தான் டீச்சர் இன்றும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொல்கிறார். வாரச்சந்தையன்று ஆயா தானே புறப்பட்டுப் போனாள். அவலூர்பேட்டைச் சந்தைக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து கருவாடு வரும். திரும்பி வந்தபோது முந்தானையில் ஒரு துண்டு பால்சுறாக் கருவாடு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அந்தப் பக்கத்து வீடுகளில் பூண்டோடு சேர்த்துச் சமைத்துக் கொடுப்பது. உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, வேகவைத்து, முள் எடுத்து, கட்டைவிரல் அளவு டின்னுக்குள் வைத்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "என் பிரசவத்துக்குக்கூட நீ இவ்ளோ பாத்துப் பாத்து செய்யல." ஆயா அசரவில்லை. "உனக்குக் கேக்க வாய் கீது. இதுக்குக் கீதா?" வெள்ளச்சி வழக்கம்போல முதல் நாள் முகர்ந்துவிட்டு விட்டாள். மறுநாள் துண்டைக் காணோம்.

குட்டிகளைக் கையில் எடுக்காதே, தாய் தின்றுவிடும் என்று தெருவில் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். பயந்துபோன தாயும் பட்டினி கிடக்கும் தாயும் அப்படிச் செய்வதுண்டு. மனிதர் கைக்குப் பழகிய வெள்ளச்சி செய்யவில்லை. வெளியே தவறி உருண்ட குட்டியைக் கழுத்துத் தோலில் கவ்வி உள்ளே கொண்டுபோய்ப் போடுவாள். அதன்பிறகு அடியும் நுனியுமாக நக்குவாள். குட்டிகளுக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் உண்டு. டீச்சருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதன் இன்னொரு பக்கம் படிக்கக் கிடைத்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு அது. பிறந்த முதல் நாட்களில் தாய் அதிகம் நக்கி வளர்த்த எலிகள், பெரிதான பிறகும் நெருக்கடியைக் கண்டு அதிகம் பதறவில்லை. அதே குழு பிறகு செய்த சோதனையில், அதிகம் நக்காத தாய்க்குப் பிறந்த குட்டியை நக்கும் தாயிடம் மாற்றிவிட்டபோது, அது வளர்ப்புத் தாயைப் போலவே தெளிவாக வளர்ந்தது. வகுப்பில் மரபணுப் பாடம் வரும்போதெல்லாம் டீச்சர் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. கூடவே பால்சுறாக் கதையும் வரும்.

ஒரு வாரத்தில் பஞ்சு போல மயிர் படர்ந்தது. இரண்டு வாரத்தில் கண் திறந்தது. அதற்குப் பிறகு வீட்டில் அமைதி இல்லை. டின் போதாமல் பழைய கோழிக்கூண்டுக்குக் கம்பிவலை அடித்தார்கள். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புரண்டு விளையாடும். அப்போது அவை எழுப்பும் குரல் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில், 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். கையால் கிச்சுக்கிச்சு மூட்டினாலும் அதே குரல் வரும் என்று யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் பிற்பாடு பதிவுசெய்தார். அது ஒருவகைச் சிரிப்பு என்பது அவர் கருத்து. அவலூர்பேட்டைக் கூடத்தில் அதைக் கேட்கக் கருவி இல்லை. வேடிக்கை பார்க்க வந்த தெருப்பிள்ளைகளின் சிரிப்புதான் கேட்டது.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஓர் இருளர் பெரியவரும் உண்டு. அறுவடை முடிந்ததும் வயலில் எலி பிடிக்க அவரைத்தான் அப்பா அழைப்பார். கடப்பாரையும், அடியில் ஓட்டை போட்ட மண்பானையும்தான் கருவிகள். பானையில் வைக்கோலை அடைத்துக் கொளுத்தி, வாயை எலிவளையில் பொருத்தி, ஓட்டை வழியாக ஊதுவார். புகை உள்ளே போகும். பாதி அவர் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகும். வளைக்குள் எலிகள் சேர்த்த நெல்லும் பிடித்த எலிகளும் அவர் பங்கு. வாயால் ஊதாமல் கைப்பிடியைச் சுற்றிப் புகைவிடும் கலத்தை இருளர்களுக்காகச் செய்துகொடுக்கும் முயற்சிக்கு 2003-இல்தான் உலக வங்கியின் நிதி கிடைத்தது. பெரியவர் அதைப் பார்க்கவில்லை.

கூண்டுக்குள் கைவிட்டு ஒரு குட்டியை எடுத்தார். வாலைத் தூக்கி ஒரே பார்வை. "பொம்பள." அடுத்தது. "ஆம்பள." ஒன்பதையும் பிரித்து வைக்க அவருக்கு ஒரு பீடி புகைக்கும் நேரம்கூட ஆகவில்லை. விலங்கியல் மாணவிக்குப் புத்தகத்தில் படித்ததை வைத்து இரண்டு குட்டிகளில் சந்தேகம் தீராமலே இருந்தது. "ஆம்பளயத் தனியா பிரிச்சி வையி பாப்பா. இல்லாட்டி ஊடு தாங்காது. கழனிலயும் உட்ராத. வெளுப்பா கீது, பருந்து கண்ணுல பட்டுடும்."

இரண்டும் அனுபவச் சொல். எலிக்குட்டி ஐந்தாறு வாரத்தில் பருவத்துக்கு வந்துவிடும். அண்ணன் தங்கை என்று பார்க்காது. ஈன்ற ஒருநாளைக்குள் தாய் மறுபடியும் சினை பிடிக்கும். ஒரு கூண்டு இரண்டாகி, இரண்டு நாலாகி நிறைவதற்கு ஒரு மல்லாட்டைப் பருவம் போதும். வயலில் எலியை ஒழிக்க முடியாததற்கும் காரணம் இதுவே.

அந்தப் பெரியவரைப் போன்றவர்களின் அறிவுக்கு அன்று கூலி நெல்தான். இன்று கொஞ்சம் மாறியிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தியைப் படித்த அன்று டீச்சர் அதைக் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொண்டார்.

குட்டிகள் ஒவ்வொன்றாக வீடு மாறின. சில கல்லூரித் தோழிகளிடம் போயின. தபால்காரர் மகன் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனான். ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பூனை கொண்டுபோனது. பட்டினி கிடந்த பொடியன் வீட்டிலேயே தங்கி எல்லோரையும்விடத் தடியனானான். வெள்ளை எலிக்கு ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டு. வயதான பெண் எலிகளுக்கு முலைக்கட்டி வருவது வழக்கம், வெள்ளச்சிக்கும் வந்தது. அவள் போன பிறகும் சில மாதம் ஆயா சந்தையில் கருவாட்டுக் கடை முன்னால் நின்றுவிட்டுத்தான் வருவாள்.

அந்த வீட்டில் இப்போது மூட்டைகள் இல்லை. மல்லாட்டை காய்ந்ததும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வண்டி ஏறிவிடுகிறது. உடைப்புக்கு இயந்திரம் வந்துவிட்டது; திண்ணையில் இருசக்கர வண்டி நிற்கிறது. தொம்பையைப் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள். பள்ளியில் வேலை பார்த்தபோது டீச்சர் மாணவர்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போனால், ராஜகிரி அடிவாரத்தில் உள்ள களஞ்சியத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார்: இவ்வளவு நெல்லை எலியிடமிருந்து எப்படிக் காத்திருப்பார்கள்? கனத்த சுவர், ஈரம் ஏறாத தரை என்று பிள்ளைகள் ஊகிப்பார்கள். "ராஜாவுக்கும் ஒரு இருளர் தாத்தா இருந்திருப்பாரு டீச்சர்" என்று ஒரு பையன் சொன்னானாம். அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண். கோட்டை 2025-இல் மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகள் வரிசையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிவிட்டது. களஞ்சியத்தைப் பார்க்க இப்போது கூட்டம் வருகிறது.

பேரனுக்கு வெள்ளச்சி கதை போதவில்லை. கைபேசியில் மகாவாவின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினான். தான்சானியாவில் அபோபோ அமைப்பு பயிற்சி கொடுத்த ஆப்பிரிக்கப் பை எலி. கம்போடியாவில் கண்ணிவெடிகளையும் வெடிபொருள்களையும் மோப்பம் பிடித்துக் காட்டி, 2020-இல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான பிடிஎஸ்ஏ வழங்கும் தங்கப் பதக்கம் பெற்றது. மண்ணுக்கடியில் வெடி இருந்தாலும் வெடிக்காத அளவுக்கு உடம்பு லேசு. "நம்ம வெள்ளச்சிக்கு மெடல் கிடைச்சிருக்குமா ஆயா?" என்றான். அவள் ரெக்கார்டு நோட்டைத் தின்றதற்கு ஆசிரியர் கொடுத்த திட்டுதான் மெடல் என்றார் டீச்சர்.

தனக்கும் ஒரு வெள்ளை எலி வேண்டும் என்று பையன் அடம்பிடிக்கிறான். டீச்சர் விதித்த நிபந்தனைகள் வளர்க்க ஆசைப்படும் யாருக்கும் பொருந்தும். எலி தனியாக இருந்தால் வாடும். ஆனால் கடைக்காரர் ஜோடி என்று எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிவரக் கூடாது. இரண்டும் பெண்ணா அல்லது இரண்டும் ஆணா என்று வாலைத் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும். குட்டி போட்டுவிட்டால் நாலு வாரம் முடிந்ததும் ஆண்களைப் பிரித்துவிட வேண்டும். வயல் எலியையும் வீட்டு எலியையும் பிடித்து வளர்க்கவே கூடாது. அவற்றின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றும். வளர்ப்பெலியைத் தொட்டாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அலுத்துப்போனது என்று கழனியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரக் கூடாது. வளர்க்கத் தெரிந்த ஆளைத் தேடிப்பிடித்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் சம்மதம் என்றால் மட்டும் கடைக்குப் போகலாம்.